வெள்ளைக்கல் மாவு

வட்டகொடையில் ஆடி மாதத்தில் துவைத்த துணி காயாது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. விசாரிக்க வந்த நீங்களும் ஈரச் சட்டையோடுதான் வந்திருக்கிறீர்கள். நாற்காலியை அந்த அடுப்புப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ள இந்த ஈரம் உதவும். கொழுந்து பறிக்கிற பெண் இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து, காலில் அட்டை ஏறி, நாள் முழுக்க மழையில் நிற்பாள். என் அரைவை அறை அப்படியில்லை. அங்கே தரை காய்ந்திருக்கும், சுவர் காய்ந்திருக்கும், பக்கத்துச் சூளையின் சூடு உள்ளே வரும். அந்த அறையில் வேலை கிடைத்தவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் அமிர்தநாதன். பிறந்தது இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம், அடுப்புக்கு விறகு போட்டார். பாதிரியார் ஒருவரின் தயவில் ஹட்டனில் படித்தேன். பிறகு பேராதனைப் பல்கலைக்கழகம். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் பீங்கானுக்குப் பேர்போன ஒரு ஊர். கல்லும் களிமண்ணும் நெருப்பில் என்ன ஆகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. பட்டத்தோடு திரும்பியதும் சனங்கள் என்னை 'டாக்டர் ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் நான் இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார்கள்.

நான் திரும்பியது எழுபத்து நாலில். லயங்களில் ரொட்டிக்கு மாவில்லாத வருடம். பட்டினியிலும் குளிரிலும் சனம் செத்தது. வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வருவது ஏறக்குறைய நின்றிருந்தது. தேயிலை காயவைக்கும் அடுப்பின் உள்ளே சூடு தாங்கும் செங்கல் அடுக்கியிருப்பார்கள். அது கப்பலில் வந்துகொண்டிருந்தது; அதுவும் நின்றது. செங்கல் வெடித்தால் அடுப்பு அணையும். அடுப்பு அணைந்தால் பறித்த கொழுந்து மக்கிப்போகும். மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு செங்கல் இல்லாமல் ஒரு தோட்டமே பட்டினி கிடப்பதை நான் பார்த்தேன். என் அத்தை அந்த வருடம்தான் செத்தார். ஆகையால் நான் எதற்காக இதைத் தொடங்கினேன் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது.

அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று, வட்டகொடைக்கு மேலே பாழாய்க் கிடந்த பழைய ஸ்டோர் ஒன்றைச் செங்கல் செய்ய எனக்குக் கொடுத்தது. நம் மலைக் களிமண்ணைச் சூடு தாங்க வைக்கும் அளவு நெருப்பு விறகுச் சூளையில் வராது. ஆனால் வெள்ளைக்கல்லை மிக நுண்ணியதாக அரைத்துக் கலந்தால் குறைந்த நெருப்பிலேயே அது இறுகிவிடும். எவ்வளவு நுண்ணியது என்று கேட்பீர்கள். ஒரு தலைமயிரின் தடிப்பை ஆயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. அந்த அளவுக்கு வந்த கல், கல்லைப் போல நடந்துகொள்வதில்லை. அதில் பெரும்பகுதி மேற்பரப்புதான். உள்ளே என்று சொல்ல அதிகம் இல்லை. தொட்ட எதனோடும் சேர்ந்துகொள்ளத் துடிக்கும். பெரிய நாடுகளில் இப்போதுதான் அந்த அளவுகளைப் பற்றி ஆர்வமாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நான் அதை ஒழுகுகிற கூரையின் கீழே, பழைய இரும்பு உருளையையும் ஆற்றுக் கற்களையும் வைத்துக்கொண்டு செய்தேன்.

கல்லை இரண்டு விதமாக அரைக்கலாம். தண்ணீர் விட்டு அரைத்தால் தூசி கிளம்பாது. ஆனால் புதிதாக உடைந்த முகத்தில் தண்ணீர் ஏறி அந்தத் துடிப்பை அடக்கிவிடும். உலர அரைத்தால் அது அப்படியே விழித்திருக்கும். உலர அரைத்த மாவில் செய்த செங்கல் மற்றதைவிடப் பலமாக வந்தது. நான் உலர்ந்த வழியை எடுத்தேன்.

என் செங்கல் அடுக்கிய முதல் அடுப்பு திம்புள்ளப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எரிந்தது. துரை வந்தார், பெண்கள் குலவையிட்டார்கள், எனக்கு மாலை போட்டார்கள். அடுத்த வாரம் அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் வேலை கொடுத்தார்கள். வேலை கிடைத்த அந்தக் குடும்பங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. நீங்கள் ஒரு பக்கத்தை எண்ணும்போது மறுபக்கத்தையும் எண்ண வேண்டும்.

உருளையிலிருந்து மாவை அள்ளுவது, மல்துணியில் சலிப்பது, தகரப் பெட்டியில் நிரப்புவது, இதுதான் பெண்களின் வேலை. பாரமில்லாத வேலை. நாகலெட்சுமி என்று ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, எதற்கும் சிரிப்பாள். முதல் நாள் மாவைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இது மாவு இல்லைங்க ஐயா, பொகைங்க" என்றாள். சாயங்காலம் எல்லோரும் தலையிலிருந்து கால்வரை வெளுத்துப்போய் வெளியே வருவார்கள். "பாருங்கடி, நம்மளும் வெள்ளக்காரிச்சிங்க ஆயிட்டோம்" என்று அவள் சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் மாடிச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல காட்சிதான் அது.

அந்த வேலைக்கு ஆள் எடுப்பதில் எனக்கு ஒரு முறை இருந்தது. ராக்காயி வந்த நாளைச் சொல்கிறேன். என் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர், நான் தவழ்ந்த வயதில் என்னைத் தூக்கியவர். கணக்கப்பிள்ளை செல்லசாமி கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"இந்தியாவுக்கு எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதியாச்சுங்க ஐயா. பாஸ்போட்டும் வந்துருச்சு. அதுனாலதான் பெரட்டுல பேர வெட்டிட்டாங்க."

"எப்ப போறீங்க?"

"மாமியா படுத்த படுக்கையா கெடக்குதுங்க. அதுக்கு ஒரு முடிவு தெரிஞ்சதும் போயிருவோம். அதுவரைக்கும் வயித்தப் பாக்கணுமுங்களே."

"நாளைக்கே வாங்க" என்றேன். அவர் கண் கலங்கினார். என் அம்மாவின் பெயரைச் சொல்லி, இராசம்மா வயிறு குளிரட்டும் என்று வாழ்த்தினார்.

இப்படித்தான் எல்லோரையும் எடுத்தேன். இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக முடிவானவர்களுக்குத் தோட்டம் வேலை கொடுப்பதை நிறுத்திவிடும். கப்பல் ஏறும் நாள்வரை அவர்கள் அரைப் பட்டினி. நான் மட்டும் அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தேன். இங்கேயே இருக்கப்போகிறவர்கள் வந்து கேட்டால் இடமில்லை என்றேன். எல்லோரும் அதை இரக்கம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிரியார் அதை எடுத்துச் சொன்னார்.

போகிறவர்களை வழியனுப்ப நானே வட்டகொடை ஸ்டேசனுக்குப் போவேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கம்பளி கொடுப்பேன். தலைமன்னார்த் துறைமுகத்துக்குப் போகிற கோச்சி ரயிலில் ஏறும்போது அவர்கள் போடும் ஓலம் மலையில் மோதித் திரும்பி வரும். ஏறுகிறவர்களில் சிலர் அழ முடியாமல் இருமுவார்கள். ராமேஸ்வரத்துக்கு அப்பால் அவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

நாகலெட்சுமிக்குத்தான் முதலில் நோய் கண்டது. மற்றவர்களைவிட உருளைக்குப் பக்கத்தில் நின்றவள் அவள். இரண்டாம் வருடம் ஒரு காலையில் என் அறை வாசலில் வந்து நின்றாள். வாசற்படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"டாக்டர் ஐயா, ஏத்தத்துல ஏற முடியலிங்க. நெஞ்சுக்குள்ள யாரோ மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கு."

"சளிதான். குளிர்ல நிக்காதே" என்றேன்.

"நான் எங்கிங்க குளிர்ல நிக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு ஒரு போத்தல் மருந்தும் ஒரு டின் பால்மாவும் கொடுத்தேன். புருசனைக் கூப்பிட்டு, இது காசநோயாக இருக்கலாம், வெளியே தெரிந்தால் பிரயாணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னேன். அவன் பயந்துபோய் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்டியில் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து அவர்கள் போகும் தேதியை முன்னுக்குத் தள்ளினேன். ஸ்டேசனில் அவளைப் புருசன் தூக்கித்தான் ஏற்றினான். சன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அது காசநோய் இல்லை என்று எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் நான் குடியிருந்த வீட்டுக்காரர் பீங்கான் பட்டறையில் கல்மாவு அள்ளியவர். ஐம்பது வயதுகூட ஆகாத மனிதர். மாடிப்படி ஏற வேண்டுமானால் ஒவ்வொரு படியிலும் உட்காருவார். பகல் முழுக்கச் சன்னலோரம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார், கரைக்கு எடுத்துப் போட்ட மீனைப் போல. என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். என் படிப்பு முடியும்வரை அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டுதான் படித்தேன். பரீட்சைக்கு முந்திய வாரம் சத்தம் நின்றுவிட்டது. அடக்கத்துக்கும் போனேன். அந்த ஊரில் அந்த நோய்க்குத் தனியாக ஒரு பெயர் இருந்தது; தூசியை அடக்கச் சட்டங்களும் இருந்தன. நான் அரைத்த மாவு அவருடையதைவிடப் பல மடங்கு நுண்ணியது. எது களிமண்ணை இறுக்குகிறதோ அது நுரையீரலையும் இறுக்கும். அதற்குக் களிமண், சதை என்ற வேறுபாடு தெரியாது.

ஆகையால் உங்கள் கேள்விக்குப் பதில் ஆம். உருளை ஓடத் தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இந்தியாவுக்குப் போகிறவர்களாகப் பார்த்து எடுத்தது அதனால்தான். அந்த நோய் வெளியே வரச் சில வருடம் எடுக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்குள் அவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். மாவு இன்னும் நுண்ணியதாக ஆக ஆக நோய் கணக்கைவிட முந்திக்கொண்டு வந்தது. அதையும் நான் கவனித்தேன். ஒருவிதத்தில் அது என் மாவின் தரத்துக்கு ஒரு சாட்சியாக இருந்தது.

எழுபத்தொன்பதில் ஒரு சிட்டிகை மாவை என் பேராசிரியருக்கு அனுப்பினேன். எலெக்ட்ரோன் நுண்நோக்கியில் வைத்துப் படம் பிடித்து அனுப்பினார். இவ்வளவு சிறியதை உலர்ந்த வழியில் யாரும் செய்து தான் பார்த்ததில்லை என்றார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், உங்களுக்குப் பின்னால் இருப்பது அதுதான். பார்ப்பவர்கள் பனி மூடிய மலை என்று நினைக்கிறார்கள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. நுவரெலியாக் கடைவீதியின் புகை மறுநாளும் அடங்கவில்லை. அதற்குப் பிறகு இருக்க நினைத்தவர்களும் போக நினைத்தார்கள். ஆனால் அடுத்த வருடம் வடக்கில் சண்டை முற்றிக் கப்பல் நின்றுவிட்டது. கோச்சியும் தலைமன்னாருக்குப் போகவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் திட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை அது. பாஸ்போட்டைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு, என் அரைவை அறைப் பெண்கள் எல்லோரும் லயத்திலேயே தங்கிவிட்டார்கள். மாமியார் செத்து, மூட்டை கட்டி வைத்திருந்த ராக்காயியும் தங்கிவிட்டார்.

அப்போது நீங்கள் உருளையை நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். அடுப்புகளுக்குச் செங்கல் வேண்டியிருந்தது. நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் புதிதாக ஒருவரையும் அந்த அறைக்குள் விடுவதில்லை. ஏற்கனவே உள்ளே இருந்தவர்களையே வைத்துக்கொள்வது. புதிய நுரையீரல் ஒன்றைக் கெடுப்பதைவிட கெட்டுப்போனதோடு வேலையை முடிப்பது நியாயம். அவர்களும் வேலை போய்விடும் என்ற பயத்தில் இருமலை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்தார்கள். அந்த ஏற்பாடு இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போனது.

போன வருடம் மாசியில் ராக்காயி வேலைக்கு வரவில்லை. நான் லயத்துக்குப் போனேன். ஒற்றை அறைக் காம்பரா, சுவரோரமாகச் சாக்கு மூட்டைகளை அடுக்கி அதில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு வராது. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு மாதிரி எழும்பி அடங்கியது. நான் உள்ளே போனதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்க, இருங்க" என்றேன்.

"கப்பல் எப்பங்க ஐயா ஓடும்?"

"சீக்கிரம் ஓடும்."

"அங்கிட்டுக் காத்து காஞ்ச காத்துன்னு சொல்றாங்க. அங்க போனா இது நின்னுருமுங்களா?"

"நிக்கும்."

அவர் சிறிது நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு, கோபம் எதுவுமில்லாமல், கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேசுகிற மாதிரிச் சொன்னார்:

"ஐயா ஒரு நாளும் அந்த ரூம் வாசலுக்கு மூக்கப் பொத்தாம வந்ததில்லிங்க."

"எனக்குத் தூசி ஒத்துக்காது."

"நானும் அப்புடித்தான் நெனச்சேன்." மறுபடியும் மூச்சைச் சேர்த்தார். "எங்களுக்கும் ஆளுக்கொரு துணி குடுத்திருக்கலாமுங்க. இராசம்மா மகனாச்சே, நாங்க கேக்கணுமான்னு இருந்துட்டோம்."

துணியால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவரிடம் சொல்லவில்லை. அந்த மாவு எந்தத் துணியிலும் நுழையும். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த சரியான முகமூடி ஒன்று என் மேசைக்குள் இருந்தது. பெண்கள் வீட்டுக்குப் போன பிறகு, தனியாக உள்ளே போகும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்வேன். அவர்கள் முன்னால் போட்டால் பயந்துவிடுவார்கள் என்று கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலோடு நின்றுவிடுவேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருந்த முத்துலிங்கம் என்ற இளம் டாக்டர்தான் உங்களுக்கு எழுதியவர். ராக்காயியைத் தூக்கிக்கொண்டு போனபோது நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரே லயத்திலிருந்து வந்த மற்றப் பெண்களையும் படம் எடுத்திருக்கிறார். ஒரு மத்தியானம் நேராக என் அறைக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"தண்ணீர் விட்டு அரைச்சிருக்கலாமே?"

"அரைச்சிருக்கலாம்."

"அந்தச் செங்கல் தாங்காதா?"

"தாங்கும்."

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாமல் இருக்கலாம், விளக்கமாகச் சொல்கிறேன். உலர அரைத்த செங்கல் பலமானது என்றேன், அது உண்மை. ஆனால் அந்தப் பலம் இரும்பு உருக்குகிற உலைக்குத்தான் தேவைப்படும். தேயிலை அடுப்பின் சூடு அதற்குக் கால்வாசி. தண்ணீர் விட்டு அரைத்த செங்கலும் அங்கே அதே காலம் எரிந்திருக்கும். முதல் வருடமே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிச் சோதித்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. தேயிலைக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு சிறியதைச் செய்ய முடியுமா என்று எனக்குத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. இதனால் பெரிதாக எதுவும் நடக்கப்போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பெண்களின் பேர் எந்தத் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டிலும் இல்லை, வெட்டியாகிவிட்டது. அவர்கள் இந்த நாட்டுப் பிரஜைகளும் இல்லை. போய்ச் சேராததால் அந்த நாட்டிலும் அவர்களுக்கு ஒரு கதவு இல்லை. யாருடைய ஆள் என்று போட்டு நட்டஈடு கேட்பீர்கள்? இதெல்லாம் நான் ஆள் எடுக்கும்போதே யோசித்ததுதான். லயத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் மூட்டையில் சாய்ந்தபடி இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க இந்த உலகத்தில் மருந்து இல்லை. காய்ந்த காற்றும் உதவாது. அவர்கள் கப்பலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். நாகலெட்சுமியை, ராக்காயியை, கோச்சியில் ஏற்றிய மற்றவர்களை. தெரிந்துதான் செய்தேன். டாக்டர் முத்துலிங்கத்தின் மீது எனக்கு மனத்தாங்கல் கிடையாது, ஒன்றைத் தவிர. ராக்காயி செத்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போய், அவருடைய நுரையீரலில் விரல்நுனி அளவு ஒரு துண்டு வெட்டித் தரும்படி கேட்டேன். இங்கிலாந்துக்கு அனுப்பிப் படம் எடுத்தால், மாவு எவ்வளவு ஆழம்வரை போயிருக்கிறது, அங்கே என்ன உருவம் எடுத்திருக்கிறது என்று முதன்முதலாகப் பார்த்திருக்கலாம். அவர் என்னை வெளியே போகச் சொன்னார். இளம் வயது, ஆத்திரம். அதையும் நான் எங்கள் சனத்துக்காகத்தான் கேட்டேன் என்பதை அவர் விளங்கிக்கொள்ளவில்லை.